பொம்மைக்கு அழுத பொம்மைக்காரர் மகள்

மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்து, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் கிண்டும்போது ஒரு வாடை எழும், தொண்டையை லேசாகக் கரகரக்க வைக்கும் புளித்த வாடை. அரூரில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில் சந்தைக்கு முந்தின நாள் முழுவதும் அந்த வாடைதான் நிறைந்திருக்கும். சோற்றிலும் அதே வாடை, பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் பாவாடையிலும் அதே வாடை. அம்மா அந்தப் பசையைத் தொட்டுத் தொட்டு, உள்ளங்கையளவு மண் கிண்ணங்களின் வாயில் காகிதத்தை இழுத்து ஒட்டிக் காய வைப்பாள். அப்பா மூங்கிலைச் சீவி, இரண்டு மண் சக்கரங்களுக்கு நடுவே அந்தக் கிண்ணத்தைப் பொருத்தி, மேலே இரண்டு குச்சிகளைக் கட்டுவார். நூலைப் பிடித்து இழுத்தால் சக்கரம் சுற்றச் சுற்றக் குச்சிகள் காகிதத்தில் விழுந்து "டகர டகர" என்று கொட்டும். எங்கள் வீட்டில் அதற்கு "டகர வண்டி" என்று பெயர். ஊதலும் காத்தாடியும் கிலுகிலுப்பையும் அப்பாவின் கூடையில் இருக்கும் என்றாலும், எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வண்டியால்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பொம்மையை விலைக்கு வாங்கி விளையாடலாம் என்ற எண்ணமே எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிடையாது. கிழிந்த சைக்கிள் டயரைக் குச்சியால் அடித்து ஓட்டினார்கள். கோடையில் தின்று போட்ட நுங்கின் வெற்றுக் கூந்தலில் குச்சியைச் செருகி வண்டி செய்தார்கள். சோடா மூடியைத் தண்டவாளத்தில் வைத்துத் தட்டையாக்கி நூல் கோத்துச் சுற்றினார்கள். பொம்மை என்பது சந்தையிலும் தேரிலும் கண்ணில் படுவது, அபூர்வமாகக் கைக்கு வருவது, வந்தாலும் வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி உடைந்துவிடுவது. உப்பும் மிளகாயும் வாங்க வந்தவர்களிடம் ஒருவருக்கும் தேவைப்படாத ஒன்றை விற்றாக வேண்டும். அப்பா அடிக்கடி சொல்வார்: "புள்ள அழுவற எடத்துலதான் பொம்ம விக்கும்."

அவர் அதை வெறும் சொல்லாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது ஒரு நாள் சந்தையில் நான் நிஜமாகவே ஒரு வண்டிக்காக அடம்பிடித்து அழுதிருக்கிறேன். என் அழுகையைப் பார்த்த நாலைந்து பிள்ளைகள் தங்கள் தாய்மாரின் சேலையைப் பிடித்து இழுக்க, அன்று கூடை சீக்கிரம் காலியாகிவிட்டது. அதன் பிறகு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். அரூர்ச் சந்தைக்கு மட்டும் கூட்டிப் போக மாட்டார், அங்கே எல்லாருக்கும் எங்களைத் தெரியும். மொரப்பூருக்கும் அதைத் தாண்டிய ஊர்களுக்கும் போவோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாங்கள் அப்பாவும் மகளும் இல்லை. அவர் முன்னால் போய்ச் சாக்கை விரித்துக் கடை போடுவார். நான் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யாரோ போல வந்து நிற்பேன்.

முதலில் பார்க்க மட்டும் வேண்டும். பிறகு மெல்லக் குனிந்து ஒரு வண்டியைத் தொட வேண்டும். தொட்டவுடன் அப்பா சத்தம் போடுவார்: "ஏ புள்ள, கைய எடு! காசு கொண்டாந்தியா? உங்கப்பன்கிட்டப் போயி வாங்கிட்டு வா, போ!" அப்போது நான் உதட்டைப் பிதுக்கி, தேம்பி, பிறகு வாய்விட்டு அழ வேண்டும். கூட்டம் சேர்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நழுவி, மாட்டு வண்டிகள் அவிழ்த்து விட்டிருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். கூட்டம் கலைந்த பிறகு இன்னொரு முறை வருவேன். திரும்பும்போது அப்பா எனக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கித் தருவார். பஸ்ஸில் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்வார். நான் தேவைக்கு மேல் நன்றாக அழுதேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் நடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

எனக்கென்று ஒரு வண்டி வீட்டில் கிடையாது. காய வைத்த வண்டிகளை எண்ணிக் கூடையில் அடுக்கும்போது, ஒன்றை மட்டும் தெருவில் இழுத்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டால் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்: "பொம்மக்காரன் வூட்டுப் புள்ள பொம்மைக்கு அழுவக்கூடாது." காகிதம் ஒரு முறை கிழிந்தால் அந்த வண்டி விலை போகாது, அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வீட்டில் அழக் கூடாதென்று அடக்கியதெல்லாம், சந்தையில் அழு என்று சொன்னவுடன் தானாக வந்துவிடும். அப்பா அதட்டும்போது, அது வியாபாரத்துக்காகப் போடும் சத்தம் என்று தெரிந்திருந்தும், ஒவ்வொரு தடவையும் தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வேன். அழுகையை விட, அழுவதைப் பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்பதுதான் பெரிய கூச்சம். பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கும் யாராவது அந்தக் கூட்டத்தில் நின்றுவிடுவார்களோ என்று எப்போதும் பயந்துகொண்டே அழுவேன்.

மூன்றாவது படிக்கும்போது, புளி அடித்து விற்பனைக்கு வரும் மாதத்தில் ஒரு மொரப்பூர்ச் சந்தை. வெயிலுக்குப் பயந்தோ என்னவோ அன்று பிள்ளைகள் கூட்டமே இல்லை. முதல் தடவை அழுதது வீணாகிவிட்டது. இரண்டாம் தடவை வந்து நின்றபோது அப்பாவின் முகம் வாடியிருந்தது. கொஞ்சம் அதிகமாக அழு என்று கண்ணாலேயே சொன்னார். அந்த வாரம் அம்மா ஒரே ஒரு வண்டிக்கு மட்டும், யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்து வைத்திருந்த ஜிகினாத் தாளைச் சுற்றி ஒட்டியிருந்தாள். அது வெயிலில் மின்னிக்கொண்டு முன் வரிசையில் நின்றது. அதைத் தொட்டேன். அப்பா அதட்டினார். அழ ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்கள். புளி உருட்டி உருட்டிக் கறுத்துப் போன விரல்கள். முப்பது வயது இருக்கும் ஒரு பெண், தலையில் சும்மாடு இன்னும் அவிழ்க்காமல் இருந்தது. புளி விற்றுவிட்டு வீட்டுச் சாமான் வாங்க வந்தவள் போலிருந்தாள்.

"யாரு வூட்டுப் புள்ள கண்ணு நீ? ஏன் இப்பிடித் தேம்பித் தேம்பி அழுவற?"

யாராவது இப்படிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லித் தந்ததில்லை. அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"அம்மா எங்க?"

"வூட்ல."

"அப்பன்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சட்டென்று குனிந்து ஊதல்களை அடுக்கத் தொடங்கினார். சந்தையில் அவர் என் அப்பா இல்லை என்பது ஒன்றுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்த கட்டளை.

"அப்பா இல்ல" என்றேன்.

கூட வரவில்லை என்ற பொருளில்தான் சொன்னேன். ஆனால் நம் மொழியில் அந்த ஒரு சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அவள் அதைத்தான் எடுத்துக்கொண்டாள். அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கே புரிந்தது. நான் மாற்றிச் சொல்வதற்குள் அவள் எழுந்து அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க, தகப்பன் இல்லாத புள்ளையப் போயி இந்த வெரட்டு வெரட்டறீங்களே, உங்க வூட்ல புள்ளகுட்டி இல்லீங்களா?"

அப்பா தலை நிமிரவில்லை. ஜிகினா வண்டியை எடுத்து நீட்டி, "புள்ள சும்மாவே எடுத்துக்கட்டுங்க" என்றார். சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும் குரல் அவருக்கு. அன்று எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சும்மாக் குடுத்தாப் பிச்சைங்க. நான் வாங்கித் தரேன், புடிங்க" என்று இடுப்பு முடிச்சை அவிழ்த்து அவர் கையில் காசைத் திணித்தாள். நூலை என் விரலில் சுற்றிவிட்டாள். "போ கண்ணு, இழுத்துக்கிட்டுப் போ. இனிமே பொம்மைக்கெல்லாம் அழுவக்கூடாது."

அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. ஒரு பெரியவர் "ச்சு ச்சு" கொட்டினார். ஒருவர் வாங்கியதும் இன்னொருவர் வாங்கினார். அப்பாவின் கூடையில் இருந்த எல்லாமே அன்று விற்றுப் போயிற்று. என்னால் மாட்டு வண்டிகளின் பக்கம் போக முடியவில்லை. அந்தப் பெண் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்ப்பதற்காக நான் வண்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். அது கொட்டிய கொட்டில் சந்தையே திரும்பிப் பார்த்தது. ரயிலடி வரைக்கும் நடந்து, ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். அப்பா வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அன்று பன்னும் டீயும் இல்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார்.

வீட்டில், விற்காமல் திரும்பிய வண்டி என்று நினைத்து அம்மா அதை எடுத்து வைக்கப் போனாள். "அது புள்ளையோடது. வாங்கிக் குடுத்தாங்க" என்றார் அப்பா. யார், ஏன் என்று அவள் கேட்கக் கேட்க, நடந்ததையெல்லாம் சொன்னார். அம்மா பசைக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர்களுடைய வியாபாரத் தந்திரத்தை அவள் ஒரு நாளும் தடுத்ததில்லை, அதில்தான் அரிசி வந்தது. ஆனால் இது வேறு.

"எந்தாலி கழுத்துல கெடக்கறப்பவே அறுத்துட்டு வந்திருக்கறீங்களே அப்பனும் மகளும்!" என்று முகத்தில் அறைந்துகொண்டாள். வெகு நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அடுத்த சந்தைக்குப் போயி அந்தம்மாவக் கண்டுபுடிச்சு, நான்தான் இதோட அப்பன், உசுரோட இருக்கறேன்னு உங்க வாயால சொல்லிட்டு வாங்க. அது வரைக்கும் நான் பசையத் தொட மாட்டேன்."

அந்த வாரம் முழுக்க நான் அந்த வண்டியை இழுக்கவில்லை என்று எழுத ஆசைதான். இழுத்தேன். அம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில் தெருமுனை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். என் சொந்த வண்டி என்ற சந்தோஷம் ஒரு பக்கம், அப்பாவைச் சாகடித்து வாங்கிய வண்டி என்ற பயம் ஒரு பக்கம். அது எழுப்பிய சத்தத்தை நிறுத்த வழி தெரியாமல் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

அடுத்த வாரம் அப்பா கூடையில்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு மொரப்பூர் போனார். கையில் ஒரு புது வண்டி மட்டும் இருந்தது. முதல் முறையாகச் சந்தைக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். புளி விற்கும் பெண்கள் வரிசையில் அவளைக் கண்டுபிடித்தோம். அவள் ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "வா கண்ணு, வண்டி நல்லா ஓடுதா?" என்றவள், அப்பாவைப் பார்த்துவிட்டு, "இவரு ஏன் உன்னையக் கூட்டியாந்தாரு?" என்றாள்.

"நான்தாங்க இதோட அப்பன்" என்றார் அப்பா.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அப்பா திக்கித் திக்கி, வியாபாரத்துக்காகச் செய்தது, பிள்ளை தெரியாமல் சொல்லிவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று முழுவதையும் சொன்னார். நாங்கள் இருவரும் எதிர்பார்த்தது திட்டைத்தான். செருப்பைக் கழற்றினாலும் வாங்கிக்கொள்வதென்று அப்பா முடிவோடு வந்திருப்பார். ஆனால் அவள் திட்டவில்லை. அதற்குள் பக்கத்துப் பெண் சிரித்துவிட்டாள்.

"ஏ மாதம்மா! அப்பன் இல்லாத புள்ள, அப்பன் இல்லாத புள்ளன்னு ஊருபூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே! அப்பன்கிட்டயே காசக் குடுத்துட்டு வந்திருக்கறியேடி!"

மற்றவர்களும் சிரித்தார்கள். மாதம்மாளின் முகம் கறுத்துச் சுருங்கியது. அவள் யாரையும் பார்க்காமல் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எம்பையனுக்கு அன்னிக்கு ஒரு ஊதல் வாங்கியாறேன்னு சொல்லிட்டு வந்திருந்தேங்க. வெறுங்கையோட போனேன். அப்பன் இல்லாத புள்ளைக்கு வாங்கித் தந்துட்டன்டான்னேன். சரிம்மான்னுட்டான். இப்ப அவங்கிட்ட என்னன்னுங்க சொல்லறது?"

அப்பா காசையும் புது வண்டியையும் அவள் முன்னால் வைத்தார். அவள் தொடவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போயிருங்க. இதச் சொல்லாமயே இருந்திருக்கலாம். போங்க, எல்லாரும் பாக்கறாங்க."

அப்பா எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு அழுதியே, அதுவும் சொல்லிக் குடுத்துத்தானா?"

அன்று நடந்த எல்லாவற்றிலும் பொய்யில்லாதது அந்த அழுகை ஒன்றுதான். ஆனால் அப்பா அவ்வளவு பேர் முன்னால் எல்லாமே நடிப்பு என்று ஒப்புக்கொண்டு தலைகுனிந்து நிற்கும்போது, நான் மட்டும் நிஜமாகத்தான் அழுதேன் என்று சொன்னால் அவரைக் காட்டிக்கொடுப்பது போலிருந்தது. பொம்மைக்காரன் தன் பிள்ளைக்கு ஒரு பொம்மை தரவில்லை என்று அந்தப் பெண்கள் இன்னும் சிரிப்பார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் குனிந்து புளியை உருட்டத் தொடங்கினாள். நிஜமாக அழுத பிள்ளைக்குத்தானே வாங்கித் தந்தோம் என்று அவளிடம் எஞ்சியிருந்த ஆறுதலையும் நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரிந்தது. அதை எடுத்துச் சொல்லத்தான் இத்தனை வருடம் ஆயிற்று.

அதன் பிறகு அப்பா என்னை எந்தச் சந்தைக்கும் கூட்டிப் போகவில்லை. மொரப்பூர்ச் சந்தையை அவரே விட்டுவிட்டார். மற்ற ஊர்களிலும் முன்போல் விற்கவில்லை. எண்பதுகள் முடிவதற்குள் பெங்களூரிலிருந்து பிளாஸ்டிக் கார்களும், சாவி கொடுத்தால் தாளம் தட்டும் குரங்குகளும், பிறகு பேட்டரியில் கத்தும் துப்பாக்கிகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை எடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் அவற்றை அடுக்கி வைத்தார் அப்பா. மண் கிண்ணமும் மைதாப் பசையும் தேவைப்படாமல் போயின. எதை வாங்குவது என்பதும் பிள்ளைகள் கையிலிருந்து பெரியவர்கள் கைக்கு மாறியது. பிறந்த நாளைக்கென்று பெற்றவர்களே வந்து விலை விசாரித்து வாங்கிப் போனார்கள். வாங்கிய பொம்மையும் பல வீடுகளில் தெருவுக்கு வரவில்லை, உறை கூடப் பிரிக்காமல் டிவிக்கு மேலே இருந்த ஷோகேஸில் ஏறி உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை படம் போட்டால் தெருவில் ஒரு பிள்ளை இருக்காது. கடை வாசலில் எப்போதாவது ஒரு குழந்தை கண்ணாடியைக் காட்டி அழ ஆரம்பித்தால், அப்பா கல்லாவை அம்மாவிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அம்மா வியாபாரத்தை முடித்த பிறகுதான் திரும்புவார். கடைசியில் பொம்மைகளைக் குறைத்துக் குறைத்து, பிளாஸ்டிக் குடமும் வாளியும் விற்கும் கடையாக அதை மாற்றிவிட்டார். அந்தச் சந்தையைப் பற்றி எங்களுக்குள் பிறகு ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை.

இப்போது நான் அதியமான்கோட்டையில் குடியிருக்கிறேன். நெடுஞ்சாலை ஓட்டல்களில் பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில், சரியாக மூன்று வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் பொம்மைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். விலை கேட்பதற்குள் பில்லில் சேர்ந்துவிடுகிறது. மற்றதெல்லாம் போனில் விரலை வைத்தால் அட்டைப் பெட்டியில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. சந்தைகள் இன்னும் கூடுகின்றன, ஆனால் சாக்கு விரித்துப் பொம்மை விற்பவர்களைக் காண முடிவதில்லை. அழும் பிள்ளையின் முன் குனிந்து யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள். கேட்டால் பெற்றவர்கள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு நம்மைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். அதையும் தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை.

என் மகன் சின்னவனாக இருந்தபோது அவன் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தேன். எதையாவது அவன் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தால் போதும், அது வீட்டில் இருக்கும். ஒரு பொம்மைக்காக அவன் அழுததே இல்லை என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவன் வேலைக்குப் போன பிறகு அலமாரியை ஒழித்தபோது, பாதிக்கு மேல் பெட்டி பிரிக்காமலேயே கிடந்தன. எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிப் பக்கத்து அங்கன்வாடிக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் கூட்டமாக ஓடி வந்தார்கள். ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, மாதம்மாளைப் போல நின்று சிரிக்கத் துணிவில்லாமல், அவர்கள் முகத்தைப் பார்க்காமல் வேகமாக வெளியே வந்துவிட்டேன். "கொஞ்சம் இருந்து பாத்துட்டுப் போங்கக்கா" என்று அங்கிருந்த பெண் பின்னாலிருந்து கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்று சொன்னேன். எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.